சடைநாயும் கடற்காற்றும்

ஐப்பசி அடைமழையில துவைச்சுப் போட்ட ஜீன்ஸ் பேன்ட் நம்ம புதுச்சேரியில காய எத்தனை நாள் ஆகும்?

மூணு நாள். சில சமயம் மூணு நாளும் போய் ஈரவாடை மட்டும் மிஞ்சும். மறுபடி துவைப்போம்.

இப்போ அந்த ஜீன்ஸுக்கு நாலு கால், ஒரு வால், உள்ளே 38 டிகிரி உடம்புச் சூடு எல்லாம் இருக்குன்னு வைங்க. அதுதான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க குளிப்பாட்டி, மேலாகத் துவட்டி, "தானா காஞ்சிடும்"னு விட்ட கோல்டன் ரெட்ரீவர்.

நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன், கால்நடை மருத்துவர் இல்லை. பின்னே நாயைப் பத்தி எதுக்கு எழுதறேன்னா, தலையில காசு அளவுக்கு முடி கொட்டி, வட்டமா செதில் உரியற பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற பெற்றோர்கிட்ட நான் கேட்கிற முதல் சில கேள்விகள்ல ஒண்ணு இது: "வீட்ல நாய், பூனை இருக்கா? அதுக்குத் தோல் எப்படி இருக்கு?" அந்தக் கேள்விக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. அதுல பாதி பிரெஞ்சுக்காரங்க வரலாறு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாங்க.

முதல்ல நம்ம ஊர் நாயைப் பாருங்க. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாத்துக்கும் உடம்போட ஒட்டின குட்டை முடி. தெருவுல படுத்திருக்கிற நாட்டு நாய்க்கும் அப்படித்தான். 2005 ஜனவரியில இந்திய அஞ்சல் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதுல ராஜபாளையமும் இமயமலை ஆட்டுநாயும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா நான் சொல்ல வர்றது புரியும். மலை நாய்க்குப் பிடரியில கம்பளி. நம்ம நாய்க்கு மேனியில எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளப்பு. அவங்கவங்க ஊர்க் காத்து தைச்சுக் கொடுத்த சட்டை அது.

அந்தக் கம்பளிச் சட்டையில ரெண்டு அடுக்கு உண்டு. வெளியே நீளமான, கொஞ்சம் முரடான மேல்முடி. அதுக்குக் கீழே பஞ்சு மாதிரி நெருக்கமான அடிமுடி. குளிர் தேசத்துல அடிமுடி காத்தைச் சிறைப்பிடிச்சு உடம்புச் சூட்டைக் காக்கும். மேல்முடி பனியையும் மழையையும் வழுக்கி விடும். மழையில நனைஞ்சாக்கூட தோல் வரைக்கும் தண்ணி போறது கஷ்டம். ஆனா ஷாம்பு போட்டு, விரலை விட்டுத் தேய்ச்சு, பைப்பைப் பிடிச்சு அடிச்சா? அடிமுடி ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சுக்கும். இயற்கை அந்த நாய்க்கு அப்படியொரு குளியலைத் திட்டம் போட்டு வைக்கவே இல்லை.

"அதான் உடம்பை உதறிடுதே டாக்டர்?"

நல்ல கேள்வி. 2012-ல அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல ஈர விலங்குகள் உதறுறதை அதிவேகக் கேமராவுல படம் பிடிச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. சுண்டெலி ஒரு நொடிக்கு முப்பது தடவை கிட்ட உதறுது, பெரிய நாய் நாலஞ்சு தடவை. கண் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள முடியில இருக்கிற தண்ணியில 70 சதவீதம் வரைக்கும் போயிடுது. தோல் தொளதொளன்னு இருக்கிறதால அது முதுகெலும்பைவிட அதிகமா சுழன்று தண்ணியை வீசுது. (உங்க சுவத்துக்கு ஏன் வருஷா வருஷம் பெயின்ட் தேவைப்படுதுன்னு இப்போ தெரியுதா?) அதே ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கும் போட்டாங்க. 27 கிலோ நாயோட முடியில அரைக்கிலோ தண்ணி இருந்தா, அதை உடம்புச் சூட்டாலேயே காய வைக்க ஒரு நாள் சாப்பாட்டுச் சக்தியில ஐந்தில் ஒரு பங்கு செலவாகுமாம்.

உதறியும் போகாத மிச்சத் தண்ணிதான் நம்ம பிரச்சனை. அது அடிமுடியில, தோலை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில கால் ஊன்றியது 1674. கப்பல்ல வந்த ஐரோப்பியர்கள் நாய்களையும் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர் வரலாற்றில் நாய் தலைகாட்டுற ஒரு இடம் ரொம்பச் சோகமானது. 1760 கடைசியில ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டப்போ, கோட்டைக்குள்ள பசி தாங்காம யானை, ஒட்டகம், கடைசியில நாய் வரைக்கும் தின்னாங்க. 1761 ஜனவரி 16-ல் லாலி சரணடைஞ்சார். ஊரையே இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க.

அதே 1761-ல், ஆகஸ்ட் மாசம், பிரான்சில் லியோன் நகரத்துல கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்க கிளோது பூர்ஷெலாவுக்கு அனுமதி கிடைச்சது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அது. ஆனா அது நாய்க்காகத் தொடங்கினது இல்லை. மாட்டுக் கொள்ளைநோய்க்கும் குதிரைக்கும்தான். நாயோட தோலைப் பத்தி மருத்துவர்கள் கவலைப்பட இன்னும் பல வருஷம் ஆச்சு.

அதுவரைக்கும் அடர்முடி நாயை யார் பார்த்துக்கிட்டாங்க? ஐரோப்பாவுல அதுக்குத் தனித் தொழிலே இருந்தது. பாரிஸில் போன்-நேஃப் பாலத்துப் பக்கம், சேன் நதிக்கரையில, நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டி விடுறவங்க உட்கார்ந்திருப்பாங்க. ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும். அவங்க படங்கள் அந்தக் காலச் சித்திரங்கள்ல நிறைய உண்டு. அவங்களோட முக்கிய வாடிக்கையாளர் பூடில். இன்னைக்கு பூடில்னா பணக்காரி மடியில உட்கார்ந்திருக்கிற பொம்மைன்னு நினைப்போம். அசல்ல அது வாத்து வேட்டைக்குத் தண்ணியில குதிக்கிற நாய். பின்பக்கத்தை மழிச்சு, நெஞ்சிலும் மூட்டிலும் மட்டும் முடி விட்டது அழகுக்காகத் தொடங்கினது இல்லை. நனைஞ்ச முடி இழுத்து நீந்த விடாது, அதனால மழிச்சாங்க. குளிர் தாக்கக் கூடாத இடத்துல மட்டும் விட்டு வெச்சாங்க. அதாவது நாயை எப்படிக் காய வைக்கிறதுங்கிற கேள்விக்கு பிரெஞ்சுக்காரங்க கண்டுபிடிச்ச முதல் பதில்: நனையற முடியையே குறைச்சிடு. பின்னால வந்த நாகரிகம் காரணத்தை மறந்துட்டு கோலத்தை மட்டும் வெச்சுக்கிச்சு.

இங்கிலாந்தில் வேட்டைக்குப் போய் நனைஞ்சு வர்ற நாய்களை கோதுமை வைக்கோல் நிறைய போட்ட படுக்கையில விடுவாங்க. நாய் அதுல புரண்டு புரண்டு காஞ்சிடும். வைக்கோல் ஈரத்தை இழுத்துக்கும்.

ஒவ்வொரு ஊர்லயும் நாயோட சேர்த்து, அதைக் காய வைக்கிற ஒரு வழக்கமும் இருந்ததுங்கிறதைக் கவனிங்க.

இந்தியாவுக்கு வந்தப்போ அந்த வழக்கம் என்ன ஆச்சு? அது ஒரு வேலைக்காரப் பையன் தலையில விழுந்துச்சு. ஆங்கிலேயர் வீடுகள்ல சமையல்காரர், குதிரைக்காரர் மாதிரி நாய்க்கென்றே ஒரு பையன் இருப்பான். இ.எச். எய்ட்கன்னு ஒருத்தர், பம்பாய் அரசின் சுங்க, உப்பு இலாகாவில் இருந்தவர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினவர்கள்ல ஒருவர். 1889-ல் அவர் வெளியிட்ட 'பிஹைண்ட் தி பங்களா' புத்தகத்துல நாய்ப் பையனுக்குத் தனி அத்தியாயமே இருக்கு. நடக்கக் கூட்டிட்டுப் போறது, உண்ணி பொறுக்குறது, குளிப்பாட்டுறது எல்லாம் இப்படிப்பட்ட பையன்கள் பொறுப்பு. சம்பளம் இருக்கிறதிலேயே கம்மி. அந்தப் பையன்கள்ல ஒருத்தன்கூட தான் கத்துக்கிட்டதை எழுதி வைக்கலை. யார் எழுதச் சொன்னாங்க?

இதே காலத்துல ஐரோப்பாவுல நாய்க் கண்காட்சி மோகம் தலைக்கேறுது. 1859-ல் நியூகாசில், 1863-ல் பாரிஸ். 1873-ல் லண்டனில் கென்னல் கிளப். 1888-ல் விக்டோரியா மகாராணி இத்தாலியிலிருந்து பொமரேனியன் வாங்கிட்டு வந்தாங்க. சின்ன உருவம், நிறைய முடி. அதுதான் ஃபேஷன் ஆச்சு. இங்கே வந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வம்சம்தான், 80-கள், 90-கள்ல நம்ம நடுத்தர வீடுகள்ல எல்லாம் "பாமரேனியன்"னு கூப்பிட்டு வளர்த்தோமே, அந்த வெள்ளை நாய். உண்மையில அது இந்தியன் ஸ்பிட்ஸ். பெரியவங்க அதைச் சடைநாய்னு சொல்வாங்க. முத்தியால்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டை வரைக்கும் கேட்டுக்குப் பின்னாடி குரைச்சது அதுதான். இப்போ அந்த இடத்துக்கு ரெட்ரீவரும், ஷிட்சூவும், பாவம், சைபீரியன் ஹஸ்கியும் வந்திருக்கு.

நாய் வந்துச்சு. நாய்ப் பையன் போயிட்டான். அது நல்லதுதான், ஒரு சிறுவனின் படிப்பு போற வேலை அது. ஆனா அவன் கையில இருந்த அரை மணி நேரத்து வேலை நம்ம கைக்கு வரவே இல்லை. நமக்கு நாயோட வந்தது ஷாம்பு பாட்டில் மட்டும்தான்.

சரி, காயாம விட்டா என்னதான் ஆகும்?

நாயோட மேல்தோல் நம்மைவிட மெலிசு. மூணுலேருந்து அஞ்சு செல் அடுக்குதான், நமக்கு பத்துக்கு மேல. நம்ம தோல் கொஞ்சம் அமிலத்தன்மையா இருக்கும், நாய்க்குக் கிட்டத்தட்ட நடுநிலை. (அதனாலதான் நீங்க போடற சோப்பு அதுக்கு ஆகாது.) அந்தத் தோல் மேல ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ்னு ஒரு பாக்டீரியா சாதாரணமாகவே குடியிருக்கும். மலாசீசியான்னு ஒரு ஈஸ்டும் இருக்கும். நமக்குப் பொடுகு வர்றதுல பங்கெடுக்கிற கூட்டம்தான் அது. 1874-ல் இதைப் பத்தி எழுதின பிரெஞ்சு மருத்துவர் லூயி-ஷார்ல் மலாசேயின் பெயர்தான் அதுக்கு. சூடு, ஈரம், காத்தோட்டமின்மை மூணும் கிடைச்சா இந்தக் குடித்தனக்காரங்க ரெண்டு பேரும் வீட்டையே எழுதி வாங்கிடுவாங்க. அரிக்கும். நாய் நக்கும், சொறியும், கடிக்கும். இன்னும் ஈரமாகும். காலையில சாதாரணமா இருந்த இடம் சாயங்காலத்துக்குள்ள உள்ளங்கை அளவு சிவந்து, கசிஞ்சு, முடி ஒட்டிப்போய், தொட்டா கத்தும். ஹாட் ஸ்பாட்னு சொல்வாங்க. காதுக்குக் கீழே, கன்னம், வால் அடி, இதெல்லாம் அது விரும்பி வர்ற இடம்.

குளிர் தேசத்துலயும் இது வரும். ஆனா நம்ம ஊருல காத்தே ஈரம். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் காத்தின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல. ஏற்கெனவே தண்ணி குடிச்சு வயிறு நிறைஞ்ச காத்து, உங்க நாய் முடியிலிருக்கிற தண்ணியை எங்கே வாங்கிக்கும்? நாலா மடிச்சுக் கொடியில போட்ட போர்வை மாதிரி மேலே காஞ்சிருக்கும், உள்ளே சொதசொதன்னு இருக்கும். கடல்ல குளிப்பாட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தாம கூட்டிட்டு வந்தா இன்னும் மோசம். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுமே, அதே மாதிரி முடியில படிஞ்ச கடலுப்பு காத்திலேருந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும்.

இப்போ என் துறைக்கு வர்றேன். படர்தாமரை.

நாய், பூனையிடமிருந்து பிள்ளைகளுக்கு வர்ற படர்தாமரைப் பூஞ்சையில முக்கியமானது மைக்ரோஸ்போரம் கேனிஸ். 'கேனிஸ்'னா நாய். ஆனா அதிகமா பரப்புறது பூனைதான், நாய் பேர் கெட்டுப்போச்சு. 1902-ல் இதை விவரித்தவர் போதன், அவரும் பிரெஞ்சுக்காரர். இந்தப் பூஞ்சைகளை எல்லாம் வகைப்படுத்தி ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையின் ரேமோன் சபூரோ. 1910-ல் அவர் எழுதின பெரிய நூல் வந்தது. இன்னைக்கும் உலகத்துல பல ஆய்வுக்கூடங்கள்ல சபூரோ பேர் சொல்ற ஊடகத்துலதான் பூஞ்சை வளர்க்கிறாங்க. அந்தக் காலத்துல தலைப்படை வந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டாங்க, மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல. அதனால அந்த மருத்துவமனைக்குள்ளேயே அவங்களுக்குன்னு பள்ளிக்கூடம் நடத்தினாங்க. மருந்து கிடையாது. எக்ஸ்ரே வெச்சு முடியை உதிர வைக்கிறதுதான் சபூரோ கொண்டு வந்த பெரிய முன்னேற்றம். 1958-க்குப் பிறகுதான் கிரிசியோஃபல்வின் மாத்திரை மனுஷங்களுக்கு வந்தது.

ஈரம் இந்தப் பூஞ்சையைப் படைக்காது. நோயுள்ள விலங்குகிட்டேருந்தோ, அதோட முடி உதிர்ந்த மெத்தை, சீப்புலேருந்தோதான் தொத்தும். ஆனா ஊறி, சொறிஞ்சு, புண்ணான தோல்ல அது சுலபமா நுழையும். அங்கேருந்து, கட்டிப்பிடிச்சுத் தூங்குற உங்க பிள்ளைக்கு.

பிள்ளை தலையில வட்டமா முடி கொட்டினா மருந்துக்கடையில போய் "படைக்கு ஒரு களிம்பு குடுங்க"ன்னு கேட்காதீங்க. அங்கே பலசமயம் கிடைக்கிறது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், உள்ளே பூஞ்சை பரவும். அப்புறம் என்கிட்ட வரும்போது அது படர்தாமரை மாதிரியே இருக்காது. தலையில வந்ததுக்குக் களிம்பு மட்டும் போதவும் போதாது, முடிவேருக்கு மருந்து போகணும்னா வாய் வழியாத்தான் போகணும். மருத்துவர் பார்த்து, எடைக்கு ஏத்த மாதிரி, வாரக்கணக்குல தரணும். அதே வாரம் நாயையோ பூனையையோ கால்நடை மருத்துவரிடம் காட்டணும். குரும்பாப்பேட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கேயோ உங்க பக்கத்து மருத்துவரிடமோ கூட்டிட்டுப் போங்க. நாயை வீட்டை விட்டுத் துரத்துறது வைத்தியம் இல்லை. ரெண்டு பேரையும் சேர்த்துக் குணப்படுத்தணும்.

இனி அந்த நாய்ப் பையன் எழுதி வைக்காத வேலை.

குளிக்கிறதுக்கு முன்னாடியே சீப்பு போடுங்க. சிடுக்கு நனைஞ்சா இறுகும், இறுகின சிடுக்குக்கு அடியில தோல் ரெண்டு நாளானாலும் காயாது. குளியல் நேரம் காலையில, ஒன்பது மணிவாக்குல. நம்ம கரையில நடுப்பகலுக்கு மேல கடல்ல இருந்து கொண்டல் காத்து வரும்போது ஈரத்தையும் தூக்கிட்டு வரும். கோடையில அதுக்கு முன்னாடி மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காத்து உலர்ந்த காத்து. மீனவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம்.

குளிச்சு முடிஞ்சதும் நாயை அதுபாட்டுக்கு மூணு தடவை உதற விடுங்க. இலவசமா கிடைக்கிற 70 சதவீதத்தைத் தடுக்காதீங்க. அப்புறம் துண்டு. தேய்க்காதீங்க, தேய்ச்சா சிடுக்கு விழும். ஒத்தி, அழுத்தி, பிழியற மாதிரி எடுங்க. ஒரு துண்டு பத்தாது, மூணு வேணும். பழைய பருத்தித் துண்டே உத்தமம். நீலத்துணி நெய்து கப்பலேத்தி, செனகல் வரைக்கும் உடுத்தின ஊரு இது. நாய்க்கு மூணு பருத்தித் துண்டு கிடைக்காதா என்ன?

அடுத்து ப்ளோயர். இதுவும் பிரெஞ்சுச் சொத்துதான். 1890 வாக்குல அலெக்சாந்தர் கோத்ஃப்ருவா தன் சலூன்ல முதல் முடி உலர்த்தியை வெச்சார். உட்கார்ந்த பெண்ணின் தலையில குடுவையைக் கவிழ்த்து அதுக்குள்ள சூடான காத்தை விடுற யந்திரம். நாய்க்குச் சூடு வேண்டாம். வேகமான காத்து வேணும், அவ்வளவுதான். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். மூடின பாத்ரூம், ஈரக்காத்து, சூடான ப்ளோயர் மூணும் சேர்ந்தா அந்த வழியும் அடைஞ்சிடும். உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினா அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போகும். சப்பை மூக்கு நாய்னா இன்னும் சீக்கிரம். அதனால குளிர்ந்த காத்து, திறந்த அறை, நடுநடுவே இடைவெளி. நாய்க்கும் ப்ளோயருக்கும் நடுவுல உங்க கையை வெச்சுக்கிட்டே பண்ணுங்க. உங்க கைக்குச் சுட்டா அதுக்கும் சுடும். முடியை எதிர்ப்பக்கமா வகிடு பிரிச்சு, வேர் தெரியற மாதிரி ஊதணும். மழைக்காலத்துல வீட்ல ஏசி இருந்தா அந்த அறையிலேயே விடுங்க. குளிருக்காக இல்லை, ஏசி காத்திலிருக்கிற தண்ணியைப் பிழிஞ்சு வெளியே சொட்ட விடுதே, அதுக்காக.

"இவ்ளோ கஷ்டம் எதுக்கு, மொட்டை அடிச்சிடலாமே?" வேண்டாம். ரெட்டை அடுக்கு முடியைத் தோலோட வழிச்சா வெயில் நேரா தோலைச் சுடும், சில நாய்க்கு முடி பழையபடி முளைக்காது. பூடில்காரங்க கணக்கு பூடிலுக்குத்தான். அடிமுடியைச் சீவிச் சீவிக் குறைங்க, அது போதும்.

மாசம் ஒரு தடவை குளிப்பாட்டினாலே பெரும்பாலான நாய்க்குப் போதும். அரை மணி நேரம் காய வைக்க நேரமில்லாத நாள்ல குளிப்பாட்டாதீங்க. அழுக்கு நாய் ஒரு வாரம் காத்திருக்கும்.

காஞ்சிடுச்சான்னு முதுகைத் தடவிப் பார்க்காதீங்க, முதுகு எப்பவும் பொய் சொல்லும். காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு, வாலுக்குக் கீழே, விரல் இடுக்கு. அங்கெல்லாம் விரலை முடிவேர் வரைக்கும் விட்டு ஒரு நிமிஷம் வெச்சிருங்க. ஜில்லுன்னு இருந்தா இன்னும் பத்து நிமிஷம் ஊதுங்க.